கொலுசோடு போட்ட எடை

தம்பி,

காலையிலிருந்து உனக்கு இரண்டு முறை போன் அடித்துவிட்டேன். வேலை நேரத்தில் உன் போன் லாக்கருக்குள் கிடக்கும் என்று தெரிந்தேதான் அடித்தேன். நீ எடுக்காததும் ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று. எடுத்திருந்தால் நான் வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து, நீயும் சிரித்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வைத்திருப்பேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிற ஆள். அதில் என் குரல் எலி கத்துவதுபோல இருக்குமாம், தர்ஷினி சொல்லியிருக்கிறாள். எலி சொல்வதை யார் நம்புவார்கள்? அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம், அதனால் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். எழுதி முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறப்பாய். சோறு ஆறினாலும் பரவாயில்லை, கடைசிவரை படி.

நேற்று மதியம் இங்கே குளுவாங் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமே, அப்போது தர்ஷினி ஒன்று சொன்னாள். பாப்பா ரொம்பத் தூங்குகிறாள், எழுப்பிப் பால் கொடுத்தால் நாலு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறாள், மூன்று வாரமாகச் சட்டை ஒன்றுகூடச் சின்னதாகவில்லை என்றாள். நீ கோழித் துண்டை எடுத்துக்கொண்டே, "பாருங்கப்பா, ஊர்ல எல்லாரும் பிள்ள தூங்க மாட்டேங்குதுன்னு அழுறாங்க. இவ தூங்குதுன்னு அழுறா" என்றாய். நான் உடனே, "அம்மா ஆன மறுநாளே எல்லாரும் டாக்டர் ஆயிடுறாங்கடா. சர்ட்டிபிகேட் மட்டும்தான் இன்னும் கைக்கு வரல" என்றேன். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். தர்ஷினியும் மரியாதைக்குச் சிரித்தாள். சிரித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னாள்: "கையை மூடிக்கிட்டே தூங்குறா, மாமா."

உனக்கு அது காதில் விழுந்திருக்காது, விழுந்தாலும் அதில் ஒன்றும் இல்லை என்று தோன்றியிருக்கும். ஆனால் உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. அந்த வாக்கியத்தையும் நான் அப்போதே கேட்டிருக்கிறேன், வார்த்தை மாறாமல். சொன்னவள் உன் அம்மா. மூடிய கை உன்னுடையது.

நான் காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் தீம்பாங் கிராணியாக இருந்தது உனக்குத் தெரியும். பழக் குலை ஏற்றி வரும் லோரியை எடைமேடையில் ஏற்றி நிறுத்து, இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது மறுபடி நிறுத்து, கழித்து எழுத வேண்டும். கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும் என்கிற வேலை. ஆனால் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேனாவைக் காதில் செருகிக்கொண்டால் எனக்கு மாஜிஸ்திரேட் என்று நினைப்பு. டிரைவர்கள் செய்யாத வேலை இல்லை. பழத்தோடு வரும்போது தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருவார்கள், திரும்பும்போது கவிழ்த்துவிட்டுப் போவார்கள். வரும்போது வண்டியில் மூன்று பேர் இருப்பார்கள், போகும்போது ஒருவர். நான் கூண்டை விட்டு இறங்கிப் போய் டிரம்மைத் தட்டிப் பார்ப்பேன். மணியம் என்று ஒரு டிரைவர். அவனை ஒருநாள் இருபது பேர் முன்னால், "என்னா மணியம், பழம் கொண்டாந்தியா, ஆத்தைக் கொண்டாந்தியா?" என்று கேட்டு அவமானப்படுத்தினேன். என் கண்ணை ஏமாற்றி ஒரு கிலோ தாண்டாது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

ஆலைக் குவாட்டர்ஸில் நம் வீடு பலகை வீடு. நீ பிறந்ததும் நடு உத்திரத்தில் ஸ்பிரிங் மாட்டி, உன் அம்மாவின் பாத்தேக் கைலியைக் கட்டித் தொட்டில் போட்டோம். நீ சமர்த்துப் பிள்ளை. அழவே மாட்டாய். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கத்துகிற கத்தலில் கூரை நடுங்கும், நம் வீட்டில் மட்டும் கோயில் மாதிரி அமைதி. நான் வேலை முடிந்து வந்து ஸ்பிரிங்கை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "என் மகன் தூக்கத்துல என்னை மாதிரி" என்று பெருமை அடித்துக்கொள்வேன். நீ பிறந்த முப்பதாம் நாள், முப்பது கும்பிட்ட அன்று உனக்கு வெள்ளியில் அரைஞாணும் காப்பும் கனமான கொலுசும் போட்டேன். வந்தவர்கள் எல்லாம் பிள்ளையைவிடக் கொலுசைத்தான் பார்த்தார்கள். நான் விரும்பியதும் அதுதான்.

உன் அம்மா மட்டும் பெருமைப்படவில்லை. அவள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு காரியம் செய்தாள். உன்னைத் தொட்டிலில் போட்டு, ஸ்பிரிங் ஆடி நின்ற பிறகு, தொட்டிலின் அடி எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்கு நேராகப் பலகைச் சுவரில் கண் மையால் ஒரு கோடு போடுவாள். பிள்ளை கனத்தால் ஸ்பிரிங் இழுபடும், கோடு கீழே இறங்கும். முதல் ஐந்து வாரம் ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை ஒரே இடத்தில் மை தடித்துக்கொண்டே போனது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "என்னங்க, இவன் தூங்குறான், ஆனா வளரல. தூக்கம்னா எழுந்திரிக்கணும்ல? பால் நெறஞ்ச பிள்ள தூங்குனா கை தானா விரியும். இவன் கையை மூடிக்கிட்டே தூங்குறான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆயிரக்கணக்கான டன் நிறுத்தவன் வீட்டுல ஸ்பிரிங்ல எடை பாக்குறியா? தூங்குற பிள்ளையை இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தாதான் வளராது" என்றேன். பெரியவர்கள் சொல்கிற பேச்சு அது, எனக்கு வசதியாக இருந்தது. பிறகு வேறு எப்படி அவள் வாயை அடைப்பது? அவள் அதற்கப்புறம் நான் இருக்கும்போது தொட்டில் பக்கம் குனியவில்லை. நான் வேலைக்குப் போனதும் உன் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பிப் பால் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பயந்துகொண்டு, பெற்ற பிள்ளைக்குத் திருட்டுத்தனமாகப் பால் கொடுத்திருக்கிறாள், தம்பி. இதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

கிராமத்துக் கிளினிக்கில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி இருந்தார். மலாய்க்காரப் பெண்மணி, தங்கமான மனுஷி. ஒன்றரை மாதத்தில் உன்னை நிறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை எடை ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த தடவை வந்தபோது உன் அம்மாவுக்குக் காய்ச்சல். நான்தான் உன்னைத் தூக்கிப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. பழம் குவிகிற மாதம், லீவு கேட்டால் கிடைக்காது என்பது ஒன்று. தீம்பாங் கிராணி மகனுக்கு எடை இல்லையாம் என்று மணியம் மாதிரி ஆட்கள் சிரிப்பார்கள் என்பது இரண்டு. இவை எல்லாவற்றையும் மூடி மறைக்க எனக்கு நானே சொல்லிக்கொண்ட நல்ல காரணம் ஒன்று உண்டு: கிளினிக் எடைப் புத்தகத்தில் எடை ஏறியிருந்தால் உன் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். கெட்ட காரியம் செய்யப் போகிறவனுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருக்கும்.

மிஸ்ஸி உடுப்பைக் கழற்றச் சொன்னார். சட்டையையும் தொப்பியையும் கழற்றினேன். அரைஞாண், காப்பு, கொலுசு எதையும் தொடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த தடித் துண்டு வழியிலேயே நனைந்து கனத்துக் கிடந்தது, அதையும் அவிழ்க்கவில்லை. அவர் கொலுசைக் காட்டினார். "சாமிக்கு வேண்டிக்கிட்டுப் போட்டது, கழட்டக் கூடாது, துண்டும் அப்படித்தான், சளி பிடிச்சுக்கும்" என்று மலாயில் அடித்துவிட்டேன். எந்தச் சாமிக்கும் நான் அப்படி வேண்டிக்கொள்ளவில்லை. மனுஷி நம் பழக்கவழக்கத்துக்கு மரியாதை கொடுத்து, "தாக் அப்பா, பாக்", பரவாயில்லை என்று சொல்லி, தெரிந்த எண்ணை எழுதினார். எடை ஏறியிருந்தது. கடிதம் வேண்டாம் என்றார். டிரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்த டிரைவர் எப்படி மேடையை விட்டு இறங்கிப் போவான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அப்படித்தான் போனேன், சீழ்க்கை அடித்துக்கொண்டு.

உன் அம்மா புத்தகத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து போய் உன்னைத் தொட்டிலில் போட்டாள். ஸ்பிரிங் நின்றதும் சுவரைப் பார்த்தாள். "புக்குல ஏறியிருக்கு. இதுல ஏறலையே" என்றாள். "ஸ்பிரிங் துரு பிடிச்சிருக்கும்" என்றேன். அவள் தன் கண்ணையே சந்தேகப்படுகிறவள்போலக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் செய்ததிலேயே பெரிய பாவம் அதுதான். அரைஞாணும் துண்டும் வெறும் கனம். ஆனால் சரியாகப் பார்த்த ஒருத்தியை, தான் பார்த்தது தப்பு என்று நம்ப வைத்தேனே.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது வாசலிலேயே அவள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். காலையில் தூங்கியவன் எழவில்லை. ஈரத் துணியால் காலைத் துடைத்திருக்கிறாள், காதை நிமிண்டியிருக்கிறாள். நீ கண்ணைப் பாதி திறந்து, வெள்ளை தெரிய மூடிக்கொண்டாய். "எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேங்குறான்" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. என்னிடம் அப்போது மோட்டார் சைக்கிள் மட்டும்தான். எடைமேடைக்கு ஓடினேன், உன் அம்மாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வரிசையில் முதலில் நின்றது மணியத்தின் லோரி. பழம் இறக்கி, வெறும் வண்டியாக நிற்கிறது, இன்னும் நிறுக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் உன் அம்மா தோளில் நீ தொங்கிக் கிடந்த விதத்தைப் பார்த்துவிட்டான். "ஏறுங்கண்ணே, எடையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். காஹாங்கிலிருந்து குளுவாங் வரை அந்த லோரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நடுவில் உட்கார்ந்து உன் அம்மா உன் மூக்குக்கு முன்னால் விரலை வைத்தபடியே வந்தாள். நான் ஜன்னலோரம்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் உன்னை முழுக்க உரித்து, தராசில் போட்டார். கிளினிக் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். மறுபடியும் உன்னைத் தூக்கித் தராசில் போட்டார். முகம் மாறிவிட்டது. இரண்டு நாளில் முந்நூறு கிராம் குறைந்திருக்கிறதே, வயிற்றுப்போக்கா, வாந்தியா என்று அவசரமாகக் கேட்டார். இல்லை என்றாள் உன் அம்மா. இல்லாமல் எப்படி இவ்வளவு இறங்கும் என்று கேட்டுக்கொண்டே, இன்னொருவரைக் கூப்பிட்டு எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது என்று இருவரும் அந்தப் புத்தகத்து எண்ணை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். எனக்குக் கழித்தல் கணக்குத் தெரியும், தம்பி. அது தப்பான கணக்கு, அந்தத் தப்பு எண் என் கையால் வந்தது, அதை வைத்து உன் நரம்பில் ஏதோ ஏற்றப் போகிறார்கள். பக்கத்தில் உன் அம்மா நிற்கிறாள். சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் உனக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நான் உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, நின்று யோசித்தேன். அந்த நிமிஷத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு சொன்னேன். "டாக்டர், புக்குல இருக்குறது பிள்ளை எடை இல்ல. கொலுசு, அரைஞாண், ஈரத் துண்டு எல்லாத்தோடவும் நான்தான் வெச்சேன்." டாக்டரம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "பசித்தால் பிள்ளை அழும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அழுவதற்கும் தெம்பு வேண்டும். தெம்பு தீர்ந்த பிள்ளை தூங்கும்" என்றார் மலாயில், மெதுவாக. உனக்குச் சிறுநீரில் கிருமி. வாரக்கணக்காக உள்ளேயே இருந்து தின்றிருக்கிறது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். உன் அம்மா அன்றைக்கு, கழற்றி ஓரமாக வைத்திருந்த கொலுசையும் அரைஞாணையும் காப்பையும் கைக்குட்டையில் முடிந்து என் சட்டைப் பையில் போட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம், ஒன்றில்கூட அதை எடுத்து வீசியதில்லை. வீசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் பால் குடித்து முடித்துத் தூங்கினாய். "இங்க வாங்க" என்று கூப்பிட்டு, உன் கையைக் காட்டினாள். ஐந்து விரலும் விரிந்து கிடந்தது.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிஸ்கட் டின்னில் கிடந்த அந்தக் கொலுசைத்தான் பாப்பாவின் முப்பதுக்கு எடுத்துப் போட்டேன். "அது வேண்டாங்க" என்றாள் உன் அம்மா. பேத்திக்கு அப்பன் கொலுசு என்று சபையில் பெருமை பேச ஆசைப்பட்டு நான் கேட்கவில்லை. வயசுதான் ஆகிறது, புத்தி வருகிற வழியாக இல்லை. போன தடவை கிளினிக்குக்குத் தர்ஷினிக்கு உடம்பு சரியில்லை என்று நீதான் பாப்பாவைத் தூக்கிப் போனாய். எடை சரியாத்தான் இருக்கு என்று வந்து சொன்னாய். நேற்று முழுக்க ஒரு கேள்வியைக் கேட்காமலே வைத்திருந்தேன்: கொலுசைக் கழற்றினாயா? கழற்றியிருப்பாய், மிஸ்ஸியே கழற்றியிருப்பார், நீ என்னைப் போல இல்லை. ஆனாலும் கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

நீ காரைத் திருப்பிக்கொண்டு வரப் போனபோது தர்ஷினி மடியிலிருந்த பாப்பாவின் காலிலிருந்து கொலுசைக் கழற்றினேன். "ஏன் மாமா?" என்றாள். "இறுக்கமா இருக்கும்மா" என்று பொய் சொன்னேன். அவள் பாப்பாவின் காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லூசாத்தானே மாமா இருக்கு" என்றாள். ஆமாம், லூசாகத்தான் இருந்தது. முப்பது கும்பிட்ட அன்று கொக்கி மாட்டும்போது என் சுண்டுவிரல் உள்ளே போனது. ஒன்றரை மாதம் கழித்து, நேற்றும் அதே சுண்டுவிரல் அதே மாதிரி போனது. உன் அம்மா மையால் பார்த்ததை நான் விரலால் பார்க்க இருபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. கொலுசு இப்போது இந்தக் காகிதத்தின் மேல்தான் இருக்கிறது, மேலே சுற்றும் காற்றாடியின் காற்றுக்குப் பறக்காமல்.

நீ கெட்டவன் இல்லை. விடியுமுன் எழுந்து எல்லைப் பாலம் தாண்டி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவனுக்கு வீட்டில் பிள்ளை சத்தமில்லாமல் தூங்கினால் அது வரமாகத்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது. நாம் தூங்குவதற்காகப் பிள்ளை தூங்குவதை நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். தர்ஷினி பார்ப்பது வேறு. அவள் போனில் குறித்து வைத்திருக்கும் பால் கணக்கை நீ கேலி செய்தாய். அது என் வீட்டுச் சுவரில் இருந்த மைக்கோடு. அவள் நினைப்பது தப்பாகவே இருக்கட்டும், டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பட்டும், ஆயுசுக்கும் என்னை வைத்துச் சிரி, நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். சரியாக இருந்தால் என்ன செய்வாய்?

உள்ளறையில் உன் அம்மா அவளிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். "வியாழக்கிழமை கிளினிக் வரைக்கும் ஏன்மா காத்திருக்கணும், இன்னைக்கே தூக்கிட்டுப் போ" என்கிறாள். அந்தப் பக்கம் அவள் சொல்வதும் ஸ்பீக்கரில் கேட்கிறது: "அவர்கிட்ட கேக்காமப் போனா, ஓவரா பண்றேன்னு சொல்வாரு, அத்தை." இதற்காகத்தான் இத்தனை பக்கம். நாங்கள் மதிய ரயிலில் ஜேபிக்கு, உங்கள் வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு வேண்டியது உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் நின்றேன் என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "முந்நூறு இல்லங்க. முந்நூத்தி இருபது."

சோற்றை மூடி வை, தம்பி. இப்போதே தர்ஷினிக்குப் போன் அடி. பாப்பா தூங்குகிறாளா என்று கேட்காதே. கை விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேள். அவள் என்ன சொன்னாலும், "கிளம்பு, நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்று சொல்.

அப்பா